இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கணக்குப் போடும் முறை, முதலிலிருந்து கடைசி வரை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் இதுதான் மிக நீளமானது. சரி, எத்தனை மணி நேரம்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய பதினேழு மணி நேரம் என்று வரும். டிக்கெட்டைப் பார்த்தால் பதினெட்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி இருக்கும். வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து எண்ணினால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும்.

மூன்று விடையும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். தொலைதூரப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கணக்கில் இல்லை. எந்தத் தூரம், எந்த நேரம் என்று பிரித்துப் பார்க்காததில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் போகிறேன். சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: எந்த விமான நிலையம் என்று உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். டோக்கியோ என்றால் ஹனேடாவும் உண்டு, நரிட்டாவும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டிலேயே 60 கிலோமீட்டர் இருக்கும். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று வரிசையே இருக்கிறது. நியூயார்க் போகும் விமானம் பக்கத்து மாநிலத்திலுள்ள நெவார்க்கில் இறங்கலாம்.

பல தேடுதளங்கள் ஊருக்கென்று ஒரு பொதுக் குறியீட்டையும் ஏற்கும். லண்டனுக்கு எல்.ஓ.என்., டோக்கியோவுக்கு டி.ஒய்.ஓ. அதைப் போட்டால் அந்த ஊரின் எல்லா விமான நிலையங்களும் கலந்து வரும். பதினாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் அறுபது கிலோமீட்டர் பெரிய விஷயமில்லைதான். ஆனால் ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால் அந்த அறுபது கிலோமீட்டர் பெட்டியோடு சாலையில் போகிற அறுபது.

படி 2: அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அதன் அட்சரேகை, தீர்க்கரேகைதான் தூரக் கணக்குக்கு அடிப்படை. இணையத்தில் குறியீட்டைப் போட்டுத் தேடினாலே கிடைத்துவிடும்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, டிகிரி-நிமிட வடிவமும் தசம வடிவமும் ஒன்றல்ல. ஹீத்ரோவின் அட்சரேகை 51 டிகிரி 28 நிமிடம் என்று போட்டிருந்தால் அது 51.28 ஆகாது. 28ஐ 60ஆல் வகுக்க வேண்டும்; 51.47 என்று வரும். இதை விட்டுவிட்டால் இருபது கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

இரண்டாவது, திசைக்குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். சான்ஃபிரான்சிஸ்கோ மேற்கே 122.38 டிகிரியில் இருக்கிறது. கழித்தல் குறியை விட்டுவிட்டு டோக்கியோவுக்குத் தூரம் பார்த்தால் 1,600 கிலோமீட்டருக்குள் விடை வரும். பசிபிக் பெருங்கடலே காணாமல் போயிருக்கும்.

படி 3: பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்கக்கூடாது. பூமி உருண்டை, அதன் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் துண்டு. அதாவது, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டம். வரைபடத்தில் அது வளைந்து தெரியும். வளைவு வரைபடத்தில்தான், பாதை நேரானது.

பெருவட்டம் எப்படி ஓடும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஜோடி மேலே சொன்ன சிங்கப்பூரும் நியூயார்க்கும்தான். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது, ஜே.எஃப்.கே. மேற்கே 74 டிகிரியில். கூட்டினால் 178. கிட்டத்தட்ட உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படியானால் குறுகிய வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேரே வடக்கே போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்க வேண்டும். இதற்குப் பெரிய சூத்திரம்கூட வேண்டாம். சாங்கியின் அட்சரேகை 1.36, அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. ஜே.எஃப்.கே.யின் அட்சரேகை 40.64, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரிக்கு 111.19 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 15,344. பெரிய தளங்கள் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் பத்துக் கிலோமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது.

எல்லா ஜோடியும் இப்படி எளிதாக அமையாது. பொதுவான சூத்திரம் இதுதான். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகைக்குத் தலைகீழ்க் கோசைன் எடுத்தால் கோணம் டிகிரியில் கிடைக்கும். அதை 111.19ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

டோக்கியோ ஹனேடா – சான்ஃபிரான்சிஸ்கோ ஜோடியைப் போட்டுப் பார்ப்போம்.

ஹனேடா: வடக்கு 35.55, கிழக்கு 139.78
சான்ஃபிரான்சிஸ்கோ: வடக்கு 37.62, மேற்கு 122.38
தீர்க்கரேகை வித்தியாசம்: 262.16. இது 180ஐத் தாண்டிவிட்டதால் 360இலிருந்து கழித்து 97.84 என்று வைத்துக்கொள்ளலாம்.
சைன்களின் பெருக்கல்: 0.5814 × 0.6104 = 0.3549
கோசைன்களின் பெருக்கல்: 0.8136 × 0.7921 × (−0.1364) = −0.0879
கூட்டல்: 0.2670
தலைகீழ்க் கோசைன்: 74.51 டிகிரி
தூரம்: ஏறக்குறைய 8,285 கிலோமீட்டர்

இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால், நேர் கிழக்கே போனால் போதுமே என்று தோன்றும். அப்படி அட்சரேகையை ஒட்டியே போனால் 8,700 கிலோமீட்டரைத் தாண்டும். பெருவட்டமோ வடக்கே ஏறி, நடுவழியில் 48 டிகிரி அட்சரேகையைத் தாண்டி, அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே கடந்துபோகும். ஏறி இறங்கியும் 450 கிலோமீட்டர் மிச்சம்.

கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) முறையில் இருந்தால் விடை உளறும். கணினி விரிதாளில் போடுகிறவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்றிக்கொண்டு, கடைசியில் வரும் கோணத்தை 6,371ஆல் பெருக்க வேண்டும். அது பூமியின் சராசரி ஆரம், கிலோமீட்டரில். இன்னொரு சோதனையும் உண்டு: பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம் இருக்க முடியாது. உங்கள் விடை 24,000 என்று வந்தால் எங்கோ பிழை.

பூமி சரியான உருண்டையும் இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கு அரை சதவீதம் வரை பிசகலாம். பயணத் திட்டத்துக்கு இந்தப் பிசகு ஒன்றுமே இல்லை. ஒரு தளம் 8,285 என்றும் இன்னொன்று 8,300ஐ ஒட்டியும் காட்டினால் குழம்ப வேண்டாம்.

மைல் என்றால் எந்த மைல்?

விமானத் துறை பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். தரை மைல் 1.609 கிலோமீட்டர். விமான நிறுவனங்கள் பயணிகளுக்குத் தரும் மைல் புள்ளிகள் பெரும்பாலும் தரை மைல் கணக்கில் வரும். விமானியின் திட்டத்தில் இருப்பது கடல் மைல். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். கலந்துவிட்டால் 15 சதவீதம் பிசகும், அது கவனிக்க வேண்டிய அளவு.

படி 4: விமானம் உண்மையில் எந்த வழியில் போகும் என்று பாருங்கள்

பெருவட்டத் தூரம் என்பது கீழ்வரம்பு. அதைவிடக் குறைவாக யாரும் பறக்க முடியாது. கூடுதலாகப் பறக்கலாம், பறக்கிறார்கள். சாதாரண நாளில் சில சதவீதம் கூடும். சில வழித்தடங்களில் அது சில சதவீதத்தோடு நிற்காது.

மிகப் பெரிய காரணம் மூடப்பட்ட வான்வெளி. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் 7,800 கிலோமீட்டர் அளவில்தான். ரஷ்யாவின் மேலாகப் பறந்தவரை ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி அடைபட்டதும், ஃபின்லாந்தின் ஃபின்ஏர் வடக்கே வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போக வேண்டியதாயிற்று. பயண நேரம் ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு விமான நிலையமும் நகரவில்லை. தூரம் காட்டும் தளங்களில் எண்ணும் மாறவில்லை. பயணிக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. தூரக் கணக்கை மட்டும் நம்பிக் கனெக்‌ஷன் போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது காற்று. சிங்கப்பூர் – நியூயார்க் பெருவட்டம் துருவத்தை ஒட்டிப் போகிறது என்று பார்த்தோம். ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் வழக்கமாக ஜப்பான் பக்கம் ஏறி வட பசிபிக்கைக் கடந்து போகிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் பின்னாலிருந்து தள்ளும் காற்று அதை ஈடுகட்டுகிறது. எரிபொருளும் நேரமும்தான் நிறுவனத்துக்குக் கணக்கு. வரைபடத்தில் கோடு அழகாக இருக்கிறதா என்பது இல்லை.

மூன்றாவது, அவசரத்துக்கு இறங்கும் வசதி. இரண்டு இன்ஜின் விமானம் ஓர் இன்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் ஒன்று எப்போதும் இருக்கும்படிதான் வழி போட வேண்டும். ஏர்பஸ் ஏ350க்கு இந்த வரம்பு 370 நிமிடம் வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது; மற்ற பல விமானங்களுக்கு இதைவிடக் குறைவு. வட அட்லாண்டிக்கில் இது பெரிய சிக்கல் இல்லை. சிட்னி – சாண்டியாகோ போல அண்டார்க்டிகா பக்கம் வளையும் தென்கோளப் பாதைகளில்தான் இது விமானத்தை வடக்கே தள்ளும். திபெத்தியப் பீடபூமியைப் பல விமானங்கள் சுற்றிப் போவதற்கும் இதே மாதிரிக் காரணம் உண்டு: கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

உண்மையான வழியைப் பார்க்க ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்கள் இருக்கின்றன. விமான எண்ணைப் போட்டால் கடந்த நாட்களில் அது எந்த வழியில் போனது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள். கணக்கு எவ்வளவு நன்றாகப் போட்டாலும், அந்த ஒரு வாரப் பட்டியலுக்கு ஈடாகாது.

படி 5: பறக்கும் நேரத்தைக் கணியுங்கள்

நீண்டதூர விமானங்கள் ஒலி வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டர்தான். ஆகவே 0.85 என்றால் மணிக்கு 900 கிலோமீட்டர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டுக்கும் இந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகைக்கு 830.

இந்த 900 காற்றோடு ஒப்பிட்ட வேகம். தரையோடு ஒப்பிட்ட வேகம் காற்றைப் பொறுத்தது. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஓட்டம் என்ற பலமான காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போகிற விமானம் இதில் ஏறிக்கொள்கிறது; மேற்கே போகிற விமானம் முடிந்தவரை ஒதுங்குகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையோடு ஒப்பிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். ஒலியை அது மிஞ்சவில்லை. அது மிதந்த காற்றே வேகமாக ஓடி அதைச் சுமந்துபோனது. அதே பாதையில் சாதாரண நாளில் கிழக்கே ஆறரை முதல் ஏழு மணி நேரம், மேற்கே ஏழரை முதல் எட்டு மணி நேரம் ஆகும்.

கையால் கணக்குப் போட, கிழக்கே போகும்போது 80 கூட்டுங்கள், மேற்கே வரும்போது 80 கழியுங்கள். இது ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் தோராயம். குளிர்காலத்தில் கூடுதலாக வைக்கலாம். அப்புறம், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவதால் 35 நிமிடம் சேருங்கள்.

டோக்கியோவிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு: 8,285ஐ 980ஆல் வகுத்தால் 8 மணி 27 நிமிடம். முப்பத்தைந்தைச் சேர்த்தால் 9 மணி 2 நிமிடம். திரும்பி வரும்போது 820ஆல் வகுத்தால் 10 மணி 6 நிமிடம். சேர்த்தால் 10 மணி 41 நிமிடம். கால அட்டவணையிலும் போவதற்கும் வருவதற்கும் இதே அளவு வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

காற்று ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் அப்படியே வாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். காற்றே இல்லாவிட்டால், அந்த 35 நிமிடத்தைச் சேர்க்காமல், ஒவ்வொரு பக்கமும் 9 மணி 12 நிமிடம். கிழக்கே மிச்சமானது 45 நிமிடம், மேற்கே இழந்தது 54. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் செலவழிக்கிறது, அதனால் அதிக நேரம் அடிவாங்குகிறது. போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் நஷ்டம்தான்.

நடுக்கோட்டை ஒட்டிய பாதைகளிலும் வடக்கு-தெற்காகப் போகும் பாதைகளிலும் இந்த 80ஐ விட்டுவிடலாம். ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்களுக்கு இந்த முறையே சரிவராது. அங்கே பாதி நேரம் ஏறி இறங்குவதிலேயே போய்விடும்.

படி 6: டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படியுங்கள்

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. விமானம் கேட்டை விட்டு நகரும் நொடியிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் கேட்டில் நிற்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் கேட்டுக்கு வருவது எல்லாம் இதில் அடக்கம். பெரிய விமான நிலையங்களில் இதற்கே அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். தாமதத்துக்கு இடம் விட்டுச் சற்றுக் கூடுதலாகவும் போடுவார்கள். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடச் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சேர்கிறது.

கால அட்டவணை ஆண்டில் இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. அதே விமான எண்ணுக்கு வேறு பயண நேரம் போடப்பட்டிருக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் போன நண்பர் சொன்ன நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 7: இரண்டு ஊர்க் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி; சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் இல்லை. இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எந்த டிக்கெட்டும் குழப்பாது.

டோக்கியோவில் செவ்வாய் மாலை 5 மணிக்குக் கிளம்பி, சான்ஃபிரான்சிஸ்கோவில் அதே செவ்வாய் காலை 9.15க்கு இறங்குவதாக ஒரு குளிர்கால டிக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும் முன்பே சேர்ந்துவிட்டது போலத் தெரியும். டோக்கியோ யூ.டி.சி.க்கு 9 மணி நேரம் முன்னால். ஆகவே கிளம்பியது யூ.டி.சி. செவ்வாய் காலை 8.00. சான்ஃபிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால்; ஆகவே சேர்ந்தது யூ.டி.சி. செவ்வாய் மாலை 5.15. பயண நேரம் 9 மணி 15 நிமிடம். நடுவில் சர்வதேச தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. மேற்கு நோக்கித் தாண்டும்போது அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேரும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று இருக்கிறதா என்று பாருங்கள். கழித்தல் ஒன்றும் வரும்; ஆக்லாந்திலிருந்து காலையில் கிளம்பி ஹொனலுலு போனால் முந்தைய நாள் மாலையில் இறங்குவீர்கள்.

கோடைக்கால நேர மாற்றம் இன்னொரு சிக்கல். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்து மணி நேரம் இல்லை, நான்கு. இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் இதேபோல். தெற்கே எல்லாம் தலைகீழ்: லண்டனுக்கும் சிட்னிக்கும் வித்தியாசம் ஆண்டின் பகுதியைப் பொறுத்து 9, 10, 11 என்று மூன்று விதமாக வரும். ஆகவே "இன்றைக்கு என்ன வித்தியாசம்" என்று பார்க்காதீர்கள். பயணத் தேதியில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள்.

படி 8: நடுவில் இறங்கும் பயணத்துக்குத் தனிக் கணக்கு

நான்ஸ்டாப் என்றால் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான், நடுவில் இறங்கலாம். குவாண்டாஸின் முதலாம் எண் விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே எண்ணில் போகிறது, ஆனால் சிங்கப்பூரில் இறங்கி ஏறும்.

எங்கே இறங்கி மாறலாம் என்று தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி: ஒவ்வொரு கட்டத்தின் பெருவட்டத் தூரத்தையும் கூட்டி, நேர்த் தூரத்தோடு ஒப்பிடுங்கள். லண்டன் – சிட்னி நேர்த் தூரம் ஏறக்குறைய 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாக 10,880ம் 6,300ம் சேர்ந்து 17,180. ஒரே ஒரு சதவீதம்தான் சுற்று! துபாய் வழியாக 17,550 அளவில், மூன்று சதவீதம். லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 20,800ஐத் தாண்டும். இருபது சதவீதத்துக்கு மேல். பத்துச் சதவீதத்துக்குள் இருந்தால் சுற்றைப் பற்றிக் கவலைப்படாமல் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். அதற்கு மேல் போனால், விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

காத்திருக்கும் நேரம் இரண்டு மணி நேரமா, ஆறா என்பதுதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் மாற்று ஏற்பாடு பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து, இமிக்ரேஷன் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய நேரம் வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேறு நாட்டுக்குப் போகும் பயணியாக இருந்தாலும் முதலில் இறங்கும் இடத்தில் இமிக்ரேஷன் முடித்தாக வேண்டும். அதற்கு விசாவோ முன் அனுமதியோ தேவைப்படலாம்.

ஒரு முழுப் பயணம், மணிக்கணக்கோடு

லண்டனிலிருந்து சிட்னிக்கு ஜனவரியில் ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். ஹீத்ரோவிலிருந்து செவ்வாய் இரவு 10.00. குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யூ.டி.சி.யும் ஒன்று. பதின்மூன்று மணி நேரத்தில், யூ.டி.சி. புதன் காலை 11.00க்குச் சாங்கி. அங்கே உள்ளூர் நேரம் புதன் மாலை 7.00. இரண்டு மணி நேரம் காத்திருந்து இரவு 9.00க்கு அடுத்த விமானம். எட்டு மணி நேரத்தில் யூ.டி.சி. புதன் இரவு 9.00க்குச் சிட்னி. ஜனவரியில் சிட்னி 11 மணி நேரம் முன்னால், ஆகவே அங்கே வியாழன் காலை 8.00.

டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் செவ்வாய் இரவு பத்திலிருந்து வியாழன் காலை எட்டு வரை, 34 மணி நேரம். பதினொன்றைக் கழித்தால் 23. அதில் விமானத்துக்குள் இருப்பது 21, காத்திருப்பது 2. கிளம்பும் முன் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், இறங்கியபின் இமிக்ரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம், இரண்டு பக்கமும் சாலைப் பயணம் ஒவ்வொரு மணி நேரம் என்று வைத்தால் கதவிலிருந்து கதவுக்கு 29 மணி 30 நிமிடம்.

இந்தப் பயணத்தில் புதன்கிழமை முழுவதும் விமானத்திலும் சாங்கியிலுமே போய்விடுகிறது. சிட்னி ஹோட்டல் அறையைப் புதன்கிழமைக்குப் பதிவு செய்தால் ஓர் இரவு வாடகை வீண். வியாழன் காலையிலேயே போய்ப் படுக்க வேண்டும் என்று விரும்பினால் மட்டும், தெரிந்தே புதன் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்து, காலையில்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இரவு வரவில்லை என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடாமல் இருக்க.